விளையாடும் உடலின் பசி

விளையாடுபவர்களிடையே உணவுப் பழக்கம் கெடுவது பெரும்பாலும் மைதானத்தில்தான் தொடங்குகிறது. ஓட்ட நேரத்தில் இரண்டு வினாடி குறைய வேண்டும் என்று ஒரு மாணவி இரவுச் சோற்றை விடுகிறாள். நேரம் குறைகிறது. பயிற்றுவிப்பாளர் பாராட்டுகிறார். அடுத்த வாரம் காலை உணவும் போகிறது. இந்தக் கட்டத்தில் அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. கட்டுப்பாடு, அக்கறை, உழைப்பு என்றே வீட்டிலும் பாடசாலையிலும் சொல்வார்கள். ஒரு கரையில் போதுமான உணவும் அதைப் பற்றிய கவலையின்மையும் இருக்கின்றன. மறுகரையில் அனோரெக்ஸியா, புலிமியா போன்ற, உயிரைப் பறிக்கக்கூடிய உண்ணல் கோளாறுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பரந்து கிடப்பது ஒழுங்கு குலைந்த உணவுப் பழக்கம்: வேளைகளைத் தவிர்ப்பது, ஒருசில உணவுகளை அடியோடு ஒதுக்குவது, தின்றதற்குத் தண்டனையாக மேலும் ஓடுவது, மறைவில் வாந்தி எடுப்பது, எடை பார்ப்பதற்கு முன் தண்ணீரைக்கூட விடுவது. விளையாடுபவர்களில் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள். மருத்துவரிடம் வராதவர்களும் அவர்கள்தான்.

உடலைப் பற்றி ஒருவர் மனதில் வைத்திருக்கும் படம் கண்ணாடியில் தெரியும் உடலோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. விளையாடுபவருக்கு அந்தப் படமே இரண்டாகி நிற்கிறது. மைதானம் கேட்கும் உடல் ஒன்று, வீடும் ஊரும் கேட்கும் உடல் இன்னொன்று. குண்டெறியும் பெண்ணுக்கு அகன்ற தோளும் உரமான தொடையும் வேண்டும். அதே தோளுக்குச் சேலைச் சட்டை தைக்கும் நாளில் வீட்டில் முணுமுணுப்பு எழும். வெயிலில் ஓடினால் கறுத்துப்போவாய், பிறகு யார் கட்டுவான் என்ற பேச்சைக் கேட்காமல் பயிற்சிக்குப் போன தமிழ்ப் பெண் பிள்ளைகள் குறைவு. ஆண் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர்கள்: தடியன், குண்டு, நெத்தலி, எலும்பன். கூப்பிடுபவருக்கு அது அன்பாகவே இருக்கலாம். கூப்பிடப்படுபவரோ அதை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்.

யாழ்ப்பாண மாவட்டத்து ஈவினையைச் சேர்ந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீற்றர். சிறுவயதில் அந்த உயரம் அவருக்குக் கேலியையே கொண்டுவந்தது. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத் தொடரில் 348 கோல்கள் போட்டு, அத்தொடரில் வேறெவரையும்விட அதிக கோல்களைப் பெற்றவர் அவர். ஊர் குறையாகப் பார்த்த உடலை விளையாட்டு நிறைவாக்கிக் காட்டிய கதை இது, மகிழ்ச்சியான கதை. ஆனால் இதை வைத்து விளையாட்டு எல்லாக் கேலியையும் ஆற்றிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. உயரத்தைப் பட்டினி கிடந்து குறைக்க முடியாது, எடையைக் குறைக்க முடியும். கேலி எடையைத் தொடும்போது ஆபத்து கூடுவது அதனால்தான்.

விளையாட்டு உடலையும் உணவையும் எப்படி மாற்றுகிறது என்று கேட்பதற்குக் கண்டியும் அதன் சுற்றுப்புறமும் மிகப் பொருத்தமான இடம். கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில் குண்டசாலை, பல்லேகலை, திகன, தெல்தெனிய என்று வரும் சிறிய தூரத்துக்குள் விளையாட்டின் எல்லா வகுப்புகளும் அடங்கிவிடுகின்றன. 2009இல் திறக்கப்பட்ட பல்லேகலை சர்வதேச கிரிக்கெட் மைதானம் இங்கே இருக்கிறது. அதனருகிலேயே திரித்துவக் கல்லூரியின் றக்பி மைதானம். திகனவுக்கு அப்பால் ரஜவெலயில் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி கோல்ஃப் திடல். இவற்றின் வேலிக்கு வெளியே, தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் நகரத்து வீடுகளிலிருந்தும் வரும் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் வலய மட்டப் போட்டிக்கும் ஆயத்தமாகும் பாடசாலை மைதானங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சியில் தெரியும் உடலும் மண்ணில் ஓடும் உடலும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதும் எளிதாகிவிடுகிறது.

உடல் ஒரு நாளில் பெறும் சக்தியை இரண்டு வேலைகளுக்குச் செலவிடுகிறது. ஒன்று பயிற்சி. மற்றொன்று உயிர் வாழ்வதற்கே வேண்டிய வேலைகள்: இதயத் துடிப்பு, உடல் வெப்பம், எலும்பு வளர்ச்சி, காயம் ஆறுதல், நோய் எதிர்ப்பு, மாதவிடாய்ச் சுழற்சி. ஓடும்போது தசை தன் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. எனவே உணவு குறைந்தால் வெட்டு விழுவது இரண்டாவது வகை வேலைகளின் மீதுதான். உண்டதிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தால் மிஞ்சுவது, கொழுப்பு நீங்கிய உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோகலோரியாக இருந்தால் உடல் நன்றாக இயங்கும். அது 30க்குக் கீழே இறங்கும்போது உடல் ஒவ்வொரு வேலையாக நிறுத்தத் தொடங்கும். 30 என்பது எல்லாருக்கும் பொருந்தும் கறாரான கோடல்ல. ஆளுக்கு ஆள் மாறும், ஆண்களில் இன்னும் கீழே இருக்கலாம். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்க அது உதவும்.

45 கிலோ எடையுள்ள, நெடுந்தூரம் ஓடும் 15 வயது மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளலாம். அவருடைய உடலில் கொழுப்பு 20 வீதம் என்றால் கொழுப்பு நீங்கிய எடை 36 கிலோ. பின்னேரப் பயிற்சிக்கு 450 கிலோகலோரி செலவாகிறது. காலையில் சீனி போட்ட தேநீரும் தேங்காய்ச் சம்பலோடு இரண்டு கோதுமை ரொட்டியும். இடைவேளையில் ஒரு பணிஸ். பாடசாலை விட்டதும் பருப்பும் கீரையும் சேர்ந்த சோறு ஒரு சிறு கோப்பை. பயிற்சி முடிந்து ஒரு பிளேன்டீ. இரவில் ஒன்றுமில்லை. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,300. அதிலிருந்து 450ஐக் கழித்து 36ஆல் வகுத்தால் 24கூட வருவதில்லை. 45க்கு வர அவருக்கு 2,000க்குச் சற்று மேலே வேண்டும். குறைவது ஏறத்தாழ 750, அதாவது இராச்சாப்பாடும் பயிற்சி முடிந்ததும் அவித்த கடலையோ முட்டையோ வாழைப்பழமோ. அந்த ஒரு வேளையின் இடத்தில்தான் நோய் வந்து உட்காருகிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆன் லவுக்ஸ் நடத்திய ஆய்வுகள் இந்தத் துறையின் அடித்தளம். பயிற்சியின் உடல் அழுத்தம்தான் பெண்களின் சுழற்சியைக் குலைக்கிறது என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். அவர் பயிற்சியையும் உணவையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துப் பார்த்தார். செலவான சக்தியை உணவால் ஈடுசெய்தபோது, பயிற்சி கடுமையாக இருந்தும் ஓமோன்கள் பெரிதாகக் குலையவில்லை. ஈடுசெய்யாதபோது 5 நாள்களுக்குள்ளேயே, மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் ஓமோன் துடிப்பு தடுமாறியது. ஓடுவது பெண்ணுடலுக்கு ஆகாது என்ற பழைய அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. ஆகாதது ஓட்டமல்ல, ஓட்டத்துக்கு ஏற்ற உணவில்லாமை. மகள் ஓடுவதை நிறுத்தப் பார்க்கும் பெற்றோரும், உணவைக் குறைக்கச் சொல்லும் பயிற்றுவிப்பாளரும் ஒருசேர அறிந்திருக்க வேண்டியது இது.

ஒழுங்கு குலைந்த உணவு, நின்றுபோன மாதவிடாய், தேய்ந்த எலும்பு ஆகிய மூன்றையும் சேர்த்து அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் 1992இல் ‘பெண் விளையாட்டு வீரரின் முக்கூட்டு’ என்று பெயரிட்டனர். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதை விரித்து, விளையாட்டில் ஏற்படும் சார்புச் சக்திக் குறைபாடு என்ற பரந்த கருத்தை முன்வைத்தது. இரத்தம், இதயம், குடல், நோய் எதிர்ப்பு, வளர்ச்சி, மனநிலை எல்லாவற்றையும் இக்குறைபாடு தாக்குகிறது என்பதும், ஆண்களும் இதற்கு உட்படுகிறார்கள் என்பதும் அதில் சேர்ந்தன. ஆணில் அது விந்துச்சுரப்பி ஓமோன் குறைவதாக, பாலுணர்வு மங்குவதாக, காலையில் எழ முடியாத அசதியாக வெளிப்படும். மாதவிடாய் போன்ற ஒரு வெளிப்படையான அறிகுறி இல்லாததால் ஆண்களில் அது இன்னும் தாமதமாகவே பிடிபடுகிறது.

எலும்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வாழ்நாளுக்கான எலும்புத் திணிவில் பெரும்பகுதி பதின்ம வயதிலேயே சேர்ந்து முடிகிறது. சரியாக அந்த ஆண்டுகளில்தான் பாடசாலை விளையாட்டின் உச்சமும் வருகிறது. மாதவிடாய் பல மாதங்கள் நின்றால் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. கீழ்க்கால் எலும்பில் மயிரிழை வெடிப்பு வருகிறது. தார் வீதியில் ஓடியதால் வந்த சாதாரண வலி என்று எண்ணி எண்ணெய் தடவுகிறார்கள். அதே காலில் மீண்டும் வெடிப்பு. ஒரு வீராங்கனைக்கு இரண்டாவது முறை இப்படி வந்தால் சப்பாத்தையும் வீதியையும் குறை சொல்வதற்கு முன் அவருடைய சாப்பாட்டையும் மாதவிடாயையும் விசாரிக்க வேண்டும்.

மலையகத்தில் இந்த விசாரணை ஒரு சிக்கலைச் சந்திக்கிறது. மேல்நாட்டுப் பாடநூல்கள் உணவுக் குறைவை மனதின் பக்கத்திலிருந்தே பார்க்கின்றன: உணவு மேசையில் இருக்கிறது, பிள்ளை உண்ண மறுக்கிறாள். இங்கே மேசையே வெறுமையாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 32 வீதம். 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. முட்டையும் பால்மாவும் பல வீடுகளில் எட்டாப் பொருளாயின. அந்த வீடுகளிலிருந்துதான் பல ஓட்ட வீராங்கனைகள் வருகிறார்கள்.

ஒரே 800 மீற்றர் ஓட்டத்தில் இரண்டு மாணவிகள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி கண்டி நகரத்து வீட்டில், சோறு உண்டால் வயிறு போடும் என்று பயந்து தட்டைத் தள்ளியவள். மற்றவள் லயத்து வீட்டில், மாதக் கடைசியில் அரிசி தீர்ந்ததால் தேநீரோடு படுத்தவள். சூலகமும் எலும்பும் இந்த இருவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. உடலுக்கு வந்து சேர்வது பற்றாக்குறை ஒன்றே. அதன் காரணம் உடலுக்குத் தெரியாது. ஆனால் உதவ வருபவர் காரணத்தைத் தெரிந்தே ஆக வேண்டும். முதலாமவளுக்குச் சத்துணவுப் பொதி கொடுப்பதால் பயனில்லை. இரண்டாமவளை உளவள ஆலோசகரிடம் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது அநீதி.

இன்னும் நுட்பமான நிலை, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்துவிடுவது. வீட்டில் இல்லாத உணவை ‘டயட்’ என்று சொல்லிச் சமாளிக்கும் பிள்ளைகள் உண்டு. வறுமையைச் சொல்வதைவிடக் கட்டுப்பாடு என்று சொல்வதில் மானம் இருக்கிறது. மறுபுறம், உண்ண மறுக்கும் பிள்ளை, தம்பிக்கு இருக்கட்டும் என்று சொல்லித் தன் பங்கைத் தள்ளிவைக்கும்போது வீடு அதைத் தியாகமாகவே பார்க்கிறது. நோன்பும் விரதமும் இதேபோல் மறைப்பாகலாம். கந்தசஷ்டிக்கு உபவாசம் இருப்பதோ ரமழானில் நோன்பு நோற்பதோ நோயல்ல, பெரும்பாலானோர் அதற்கேற்ப உண்டு பயிற்சியை மாற்றிக்கொள்கிறார்கள். விரதம் முடிந்தும் உணவு திரும்பாதபோதுதான் கேள்வி எழ வேண்டும். இப்படிப் பல காரணங்கள் பின்னிக் கிடப்பதால், ஏன் சாப்பிடவில்லை என்று நேரே கேட்பது இங்கே உதவாது. நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டாய், வீட்டில் யார் சமைப்பது, யார் கடைசியில் சாப்பிடுவது என்று மெதுவாகக் கேட்டுப் போனால் உண்மை தானே வெளிவரும்.

உடலை அளக்கும் முறைகள் இந்தப் பிரச்சினையில் தனி இடம் பெறுகின்றன. தோல்மடிப்பு அளவீடு அவற்றுள் பிரபலமானது. அளப்பவர் வீரரின் வலப்பக்கத்தில் குறித்த இடங்களில், மேற்கையின் பின்புறம், தோள்பட்டைக்குக் கீழ், இடுப்பு, வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலைக் கொழுப்போடு கிள்ளி உயர்த்துகிறார். மடிப்பை ஓர் இடுக்கியால் பிடித்து, இரண்டு வினாடி கழித்து முள் காட்டும் மில்லிமீற்றரைச் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்கிறார். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். கிள்ளும் இடம் ஒரு விரற்கடை தள்ளினாலே எண் மாறும். ஆள் மாறினாலும் மாறும். தேர்ந்த ஒருவரே அதே வீரரை ஆண்டு முழுதும் அளந்துவந்தால் பயனுண்டு. அரைச்சட்டை கழற்றி வரிசையில் நிற்கவைத்து, எண்ணை எல்லார் காதிலும் விழச் சொல்வதால் விளைவது அவமானம் மட்டுமே.

இலங்கை கிரிக்கெட் நிறுவனம் 2021இல் தேசிய வீரர்களுக்கு 2 கிலோமீற்றர் ஓட்டத்தை 8 நிமிடம் 35 வினாடிக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. 2022 ஜனவரியிலிருந்து அது 8 நிமிடம் 10 வினாடியாக இறுக்கப்பட்டது. தோல்மடிப்புக்கும் மேல் வரம்பு வைக்கப்பட்டது. அந்த ஜனவரி முதல் வாரத்தில், 30 வயதான துடுப்பாட்ட வீரர் பானுக ராஜபக்ஷ சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுவதாகக் கடிதம் கொடுத்தார். கடிதத்தில் அவர் குடும்பப் பொறுப்புகளைக் காரணம் காட்டினார். ஆனால் தோல்மடிப்பு வரம்புக்கு இறங்கினால் பந்தை ஓங்கி அடிக்கும் பலத்தை இழக்க நேரும் என்பது அவருடைய கவலை என்று அப்போதைய செய்திகள் கூறின. விளையாட்டுத்துறை அமைச்சருடன் பேசியபின் சில நாள்களிலேயே கடிதத்தை மீளப்பெற்றார். அதே ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி துபாயில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக 45 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 71 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கை 23 ஓட்டங்களால் வென்றது.

ராஜபக்ஷவுக்கு உண்ணல் கோளாறு இருந்ததாக யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. உடற்தகுதி விதியே தேவையில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படுவதில்லை. களத்தில் ஓடியே ஆக வேண்டும். இந்நிகழ்வு காட்டுவது வேறு. ஓட்ட நேரம் ஒரு செயலை அளக்கிறது, தோல்மடிப்பு ஓர் உருவத்தை அளக்கிறது. செயலுக்கான தேர்வில் உருவத்தின் அளவு வாசற்காவலாக நிற்பது தவறு. அனுபவமும் பெயரும் உள்ள தேசிய வீரர் அதற்கு எதிராகக் கடிதம் எழுத முடிந்தது. பல்லேகலைக்குப் பயிற்சிக்கு வரும் 16 வயதுப் பிள்ளையிடம் அதே இடுக்கியைக் காட்டினால் அவனால் எழுத முடிவது ஒன்றுமில்லை. அவன் இரவுச் சாப்பாட்டை விடுவான். 18 வயதுக்குட்பட்டோருக்கு மருத்துவத் தேவை இல்லாமல் உடற்கொழுப்பு அளவீடு செய்யக் கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர்கள் 2023இல் பரிந்துரைத்ததன் நியாயம் இதுவே. தெற்காசியரின் உடலில் அதே உயர, எடை விகிதத்தில் ஐரோப்பியரைவிடக் கொழுப்பு கூடுதலாக இருப்பது அறியப்பட்டதே. அங்கே வகுத்த வரம்பை அப்படியே இறக்கிக்கொள்வது கூடுதல் பிழை.

எடைப்பிரிவு விளையாட்டுகளில் ஆபத்து வேகமாக வருகிறது. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, பளுதூக்கல் எல்லாவற்றிலும் தன் இயல்பான எடைக்குக் கீழுள்ள பிரிவில் இறங்கினால் வெல்லலாம் என்ற கணக்கு ஓடுகிறது. பாடசாலைக் குத்துச்சண்டையில் நீண்ட மரபுள்ள கண்டிக்கு இது புதிதல்ல. பிளாஸ்ரிக் உடுப்பு மாட்டி ஓடுவது, வாயில் எச்சிலை வரவழைத்துத் துப்புவது, தண்ணீரை நிறுத்துவது என்று அதற்கான வித்தைகள் மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறுகின்றன. 1997இன் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் ஒரு மாதம் சொச்ச நாள்களுக்குள் இறந்தார்கள். அதன் பிறகே அங்கே விதிகள் மாறின.

2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் மூன்று போட்டிகளில் வென்று இறுதிக்கு முன்னேறினார். வழக்கமாக 53 கிலோ பிரிவில் விளையாடியவர் அவர். அன்று போட்டிகள் முடிந்ததும் எடை ஏறத்தாழ 2.7 கிலோ கூடியிருந்தது. இரவெல்லாம் உணவும் தண்ணீரும் இல்லாமல் உடற்பயிற்சி, நீராவி அறை, கடைசியில் தலைமுடியை வெட்டியதும் உடுப்பைக் குறுக்கியதும். காலையில் தராசு 100 கிராம் கூடக் காட்டியது. தகுதி நீக்கப்பட்டு, நீரிழப்புக்காகச் சிகிச்சை பெற்றார். ஓகஸ்ட் 14ஆம் திகதி விளையாட்டு நடுவர் மன்றம் அவருடைய முறையீட்டை நிராகரித்தது. இந்தியா முழுதும் 100 கிராமின் அநியாயத்தைப் பற்றிப் பேசியது. பேச வேண்டியது முந்திய இரவைப் பற்றி. அப்படி ஓர் இரவை வழமையாக ஏற்றுக்கொண்ட ஒழுங்கில், எடை சரியாகவே வந்திருந்தாலும் அவருடைய உடல் தப்பியிருக்காது.

றக்பி வீரரிடம் கண்ணாடி எதிர்த்திசையில் பொய் சொல்கிறது. கண்டியில் பாடசாலை றக்பி 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியில் தொடங்கியது. முன்வரிசை ஆட்டக்காரன் பருத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பழசு. ஹரிசன் போப்பும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் உடற்கட்டுப் பயிலும் ஆண்களிடம் ஒரு நிலையைக் கண்டார்கள்: தசை திரண்டிருந்தும் தாம் மெலிந்து சிறுத்துப்போயிருப்பதாகவே அவர்கள் நம்பினர். தலைகீழ் அனோரெக்ஸியா என்று முதலில் அழைக்கப்பட்ட இது, இப்போது உடல் தோற்றக் கோளாறின் ஒரு வகையாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. இவர்கள் குறைத்து உண்பதில்லை. முட்டை வெள்ளைக்கருவும் கோழி நெஞ்சிறைச்சியும் புரத மாவுமாக, மணி பார்த்து, ருசி இல்லாமல் தின்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. ஜிம்முக்குப் போக முடியாத நாளில் தவிக்கிறார்கள். உறையில் எழுதாத ஸ்டீரொய்ட் கலந்த மாவுகள் விற்பனையில் உண்டு. அவற்றைத் தெரிந்தோ தெரியாமலோ உட்கொள்வது உடல்நலக் கேட்டோடு, 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்தின் தண்டனைக்கும் இட்டுச்செல்லும். நல்லா உடம்பு போட்டிருக்கிறான் என்று மகிழும் வீட்டார் இந்த இளைஞர்களை நோயாளிகளாக நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இக்கோளாறுகள் விளையாடாதவர்களைவிட விளையாடுபவர்களிடம் அதிகம் என்பதை நோர்வேயின் உயர்மட்ட விளையாட்டு வீரர்களைப் பற்றிய, 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. வீரர்களில் 13.5 வீதம், மற்றவர்களில் 4.6 வீதம். பெண் வீரர்களில் 20, ஆண் வீரர்களில் 8. ஜிம்னாஸ்டிக் போன்ற, அழகுக்கும் புள்ளி கிடைக்கும் விளையாட்டுகளில் பெண்களிடம் 42 வீதம். நடுவர் உடலைப் பார்த்துப் புள்ளி போடும் இடத்தில் சொற்கள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிக் சாட்சி. 1988இல் புடாபெஸ்டில் ஒரு நடுவர் எடையைக் குறைக்கச் சொன்னார். 1994 ஜூலையில், 22ஆவது வயதில், அனோரெக்ஸியாவின் விளைவாக அவர் இறந்தார். ஒரு சொல் மட்டும் உயிரைக் கொல்வதில்லை. பரம்பரை, பதற்றக் குணம், எதிலும் குறையே வரக்கூடாது என்ற பிடிவாதம் எல்லாம் சேர வேண்டும். ஆனால் அந்தப் பிடிவாதம் நல்ல வீரர்களிடம் மிகுதி. பயிற்றுவிப்பாளர்கள் தேடி எடுப்பதும் அதைத்தான்.

கண்டுபிடிப்பதற்கு முதலில் தராசை விட வேண்டும். எடை மாறாமலே சக்திக் குறைபாடு ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டு அதே எடையில் நின்றுவிடும். மூன்று மாதம் மாதவிடாய் வராமை, 15 வயதாகியும் பூப்படையாமை, எப்போதும் குளிர்வது, தலைசுற்று, அடிக்கடி தடிமன், ஆறாத காயம், பயிற்சி கூடியும் நேரம் குறையாமை, சாப்பிட்டவுடன் கழிப்பறைக்குப் போவது, விரல் முட்டியில் தழும்பு, குழுவோடு உண்ணாமல் ஒதுங்குவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. நிதானமான நாடித்துடிப்பு நல்ல வீரரின் அடையாளம் என்று பாராட்டப்படும். பட்டினியிலும் நாடி தளரும், எனவே மருத்துவர் மற்ற அறிகுறிகளோடு சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும். பாடசாலைகளில் பயிற்றுவிப்பாளர் ஆணாக இருக்கும்போது மாதவிடாயைப் பற்றிக் கேட்பது யார் என்பது தீராத கேள்வியாகவே கிடக்கிறது. அணியின் பொறுப்பாசிரியை ஒருவரிடம் அதை வெளிப்படையாக ஒப்படைத்துவிடுவதற்குப் பணமோ கட்டடமோ தேவையில்லை.

அணியில் மாற்ற வேண்டியவையும் பெரும்பாலும் செலவில்லாதவை. எடையை எல்லார் முன்னும் பார்ப்பதும், பலகையில் எழுதுவதும், எடை கூடினால் கூடுதல் சுற்று ஓடவைப்பதும் உடனே நிற்க வேண்டும். பட்டப்பெயர்களைப் பயிற்றுவிப்பாளர் தம் வாயிலிருந்தே முதலில் எடுக்க வேண்டும். செலவுள்ளது ஒன்றே: பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் பிள்ளைகளுக்கு ஏதாவது உண்ணக் கொடுப்பது. அவித்த கௌபி, கடலை, சோளம், முட்டை, வாழைப்பழம், நெத்தலிக் கருவாட்டோடு ஒரு பிடி சோறு எல்லாமே போதும், டப்பாவில் வரும் மாவு வேண்டாம். எல்லாருக்கும் சேர்த்துக் கொடுப்பதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. இல்லாத வீட்டுப் பிள்ளை வெட்கப்படாமல் உண்கிறாள். உண்ண மறுக்கும் பிள்ளை யாரென்றும் அப்போது தெரிந்துவிடுகிறது. பழைய மாணவர் சங்கங்கள் கேடயங்களுக்கும் சீருடைகளுக்கும் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் அதைவிடச் சிறந்த முதலீடு இராது.

சிகிச்சை மருத்துவர், உணவியலாளர், உளவியலாளர் மூவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. பதின்ம வயதினரில், உணவின் பொறுப்பைச் சில காலம் பெற்றோரிடமே ஒப்படைக்கும் குடும்பவழிச் சிகிச்சைக்கு அனோரெக்ஸியாவில் நல்ல சான்று உண்டு. பிள்ளையைத் திட்டாமல், கெஞ்சாமல், வேளை தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணவைப்பதே அதன் மையம். புலிமியாவுக்கு எண்ணமும் நடத்தையும் மாறப் பயிற்றும் சிகிச்சை முதன்மையானது. நீண்ட பட்டினியிலிருந்து மீள்பவருக்கு ஒரே நாளில் நிறைய ஊட்டுவது இரத்தத்தின் உப்புச் சமநிலையைக் குலைத்து உயிராபத்தை உண்டாக்கும். எனவே கடுமையான நிலையில் வைத்தியசாலையிலேயே தொடங்க வேண்டும். எங்கே போவதென்று தெரியாத குடும்பம் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

மைதானத்துக்குத் திரும்புவதற்கு ஒலிம்பிக் குழுவின் 2023ஆம் ஆண்டுக் கருத்துரை பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நான்கு நிலைகளை வகுக்கிறது. சிவப்பில் இருப்பவருக்குப் பயிற்சியும் போட்டியும் நிறுத்தம். இடைப்பட்ட நிலைகளில் மருத்துவக் கண்காணிப்போடு பயிற்சி அளவாகத் திரும்புகிறது. உணவு சீரானால் ஓமோன்கள் வாரங்களில் திரும்பத் தொடங்கும். மாதவிடாய்க்குப் பல மாதங்கள் பிடிக்கும். எலும்புக்கு ஆண்டுகள் வேண்டும், பதின்ம வயதில் சேராமல் போனதில் ஒரு பகுதி பிறகும் சேராது. அதனால் வலய மட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதற்கு இந்நோயில் இடமில்லை.